பில் அனுப்புவதைத் தள்ளிப்போடும் டிசைனருக்கு

வணக்கம் சகோ. தனி ஆளாக லேபிள் டிசைன் செய்கிறேன், வேலையை நேரத்துக்குக் கொடுத்துவிடுகிறேன், பில் மட்டும் இரண்டு மூன்று மாதம் கிடப்பில் கிடக்கிறது, நான் ஒரு சோம்பேறி என்று எழுதியிருக்கிறீர்கள். சோம்பேறி ராத்திரி ரெண்டு மணிக்கு உட்கார்ந்து ஃபைல் அனுப்ப மாட்டார். காசு கேட்கத்தான் உங்களுக்குக் கூச்சம். கம்பெனி என்றால் அதற்கு அக்கவுண்ட்ஸில் ஓர் ஆள் இருப்பார்.

அதனால் பில்லைத் தனி வேலையாக வைக்காதீர்கள். விலை பேசி முடித்த அன்றே பில்லைத் தயார் செய்து, தேதியையும் எண்ணையும் மட்டும் காலியாக விடுங்கள். கடைசி பிடிஎஃப் போகிற அதே மெயிலில் அதுவும் போகட்டும். பாதி முன்பணம் வாங்கிவிட்டால் மீதியைக் கேட்பது இன்னும் சுலபம்.

ஜிஎஸ்டி பதிவு இருக்கிறதா? அப்படியென்றால் சேவை முடிந்த 30 நாளுக்குள் பில் போட்டாக வேண்டும். ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் (3பி படிவம்) தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வியாபாரமே இல்லாத மாதத்துக்கும் நாளுக்கு 20 ரூபாய்.

அப்புறம், சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள் (இலவசம்தான், ஏஜென்டுக்குக் காசு அழாதீர்கள்). எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் வேலை வாங்கியவர் பணம் தர வேண்டும் என்கிறது சட்டம். அந்த விதியை பில்லின் அடியிலேயே போட்டுவிடுங்கள்.

தேங்கிய பழைய பில்களில், சண்டை போடாத நல்ல மனுஷருடையதை முதலில் அனுப்புங்கள். தாமதத்துக்குக் கதை எழுத வேண்டாம். ‘லேபிள் வேலைக்கான பில் இணைத்துள்ளேன்’ என்றால் போதும்.