ஃபோர்மேனின் நோட்டு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளை ஆறு வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு 33 வயது. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. சம்பளத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இதையெல்லாம் எதற்காகச் செய்கிறேன் என்ற கேள்வி இரண்டு வருடமாகத் துரத்துகிறது. சென்ற மாதம் 7,500 ரூபாய் கட்டி இரண்டு நாள் முகாம் ஒன்றுக்குப் போனேன். வாழ ஒரு காரணம் என்பதற்கு ஜப்பானியர் சொல்லும் ‘இகிகாய்’, அதன் வட்டங்கள் நான்கையும் வரையச் சொன்னார்கள். ஆளுமைத் தேர்வு ஒன்று வைத்தார்கள், முடிவைப் பார்த்தால் என்னைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதியது போல இருந்தது. பிறகு கண்ணை மூடி ‘நான் யார்’ என்று கேட்டுக்கொண்டு, என் பலங்கள் இருபதை எழுதச் சொன்னார்கள். பொறுமை, உழைப்பு, நேர்மை. அதற்கு மேல் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் இருபத்தாறு எழுதினார். அன்றிலிருந்து தினமும் காலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து யோசிக்கிறேன், சோர்வுதான் மிச்சம். மாலையில் யோசிக்கலாம் என்றால் தெருவில் யாராவது ஒருவர் விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். பின்தெரு அம்மா ஒருவரின் விதவை உதவித்தொகை மனு மூன்று தடவை திரும்பி வந்து, அதற்கே நான்கு சாயங்காலம் போய்விட்டது.

எழுத்துதான் உங்கள் வாழ்க்கை என்று எப்படிக் கண்டுகொண்டீர்கள்? சுயபரிசோதனையைச் சரியாகச் செய்வது எப்படி? நான் வேலையை விடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதம் வந்த அன்று பரணிலிருந்து இறக்கிய பெட்டி ஒன்றைத் துழாவிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு நீள நோட்டிலிருந்து கிழித்த நான்கு தாள்கள் இருந்தன. அவற்றைப் பற்றி எழுதவேண்டும் என்று இருந்தபோது உங்கள் கடிதம் வந்ததால்தான் இந்தப் பதில். ‘வேலையை விடலாமா’ என்று முடியும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை, வாரத்துக்கு இரண்டு வருகின்றன.

முதலில் குப்பையைக் கூட்டிவிடுவோம். அந்த நான்கு வட்டங்கள் ஜப்பானியச் சரக்கே இல்லை. ஸ்பெயின்காரர் ஒருவர், தொழில் ஜோதிடம், நடுவில் ‘நோக்கம்’ என்று எழுதி வரைந்த படம் அது. 2014இல் மார்க் வின் என்ற பிரிட்டிஷ்காரர் நடுவில் இருந்த அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘இகிகாய்’ என்று போட்டார். ஜப்பானில் அதைப் பற்றி நிஜமாகவே யோசித்தவர் மியேகோ காமியா என்ற மனநல மருத்துவர். நாகஷிமா தீவில் தொழுநோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்தவர், 1966இல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அந்த நோயாளிகளை ஊரிலிருந்து பிரித்து வைத்த சட்டம் 1996இல்தான் நீங்கியது. உனக்குப் பிடித்தது, உனக்கு வருவது, உலகத்துக்குத் தேவை, காசு கிடைப்பது என்று அவர்களிடம் போய் வட்டம் போடச் சொல்ல முடியுமா? அவர்களுக்கும் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருந்ததா என்பதுதான் அந்த அம்மாவின் கேள்வி. 7,500 ரூபாய் முகாமில் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆளுமைத் தேர்வா? 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, ‘உன் ஆளுமை இது’ என்று ஆளுக்கொரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, எல்லார் கையிலும் இருந்தது ஒரே தாள். வாசகங்களில் பெரும்பாலானவை கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. வட்டத்திலும் ஜோதிடர், இங்கேயும் ஜோதிடம். நம் ஊரில் இதற்கு இவ்வளவு செலவில்லை, கிளி ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்துவிடும்.

அப்புறம் அந்த ‘நான் யார்’. மதுரையில் 1896இல் ஒரு பதினாறு வயதுப் பையன் தரையில் கிடந்து சாவை நினைத்துப் பார்த்து, சில வாரத்தில் வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போய்விட்டான். அந்தக் கேள்வி ‘நான்’ என்று ஒட்டிக்கொண்டிருப்பதைக் கரைக்க ரமணர் கொடுத்தது. அதைக் கொண்டுவந்து, உன் பலம் இருபதைப் பட்டியல் போடு என்கிறார்கள் என்றால், வைத்தியர் பேதிக்குக் கொடுத்த மருந்தை விருந்தில் பரிமாறுகிறார்கள் என்றுதான் சொல்லவேண்டும்.

சரி, கோபம் இதோடு போதும். உங்கள் மேல் இருக்கும் கோபத்துக்கு வருகிறேன். நீங்கள் கணக்குப் பிரிவுக்காரர். மாதக் கடைசியில் கையிருப்பு எவ்வளவு என்று முதலாளி கேட்டால் கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டு, உள்ளே தேடியா சொல்வீர்கள்? வவுச்சரை எடுப்பீர்கள், வங்கிப் புத்தகத்தோடு ஒப்பிடுவீர்கள், 40 ரூபாய் இடித்தால்கூட விடமாட்டீர்கள். முதலாளியின் பணத்துக்கு இவ்வளவு மரியாதை. உங்களைப் பற்றிய கணக்கை மட்டும் எந்தத் தாளையும் பார்க்காமல் காலை அரை மணி நேரம் மனசிலேயே போட்டு, தொகை வரவில்லை என்று சோர்ந்துபோகிறீர்களே, இது என்ன நியாயம்?

எனக்கு இது புரிந்த கதையைச் சொல்கிறேன். நான் கண்ணை மூடி யோசித்து எழுத்தைக் கண்டுகொள்ளவில்லை. கண்ணை மூடி யோசித்தபோதெல்லாம் எனக்குக் கிடைத்த பதில், நான் ஒரு மகாகவி என்பது.

1987. மதுரையில் ஒரு சின்ன அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலை. பாரத்துக்கு இவ்வளவு என்று கூலி, ஒரு பாரம் பதினாறு பக்கம். ஈய எழுத்தைக் கையால் பொறுக்கிக் கோர்த்த காலம். கம்போசிட்டர்கள் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவது போன்ற எழுத்துகளை நாம் நேராக வாசிக்கும் வேகத்தில் வாசிப்பார்கள். எனக்கு வயது 24, பையில் எப்போதும் கவிதை நோட்டு. புரூஃப் பார்ப்பது வயிற்றுக்கு, நிஜமான நான் அந்த நோட்டுக்குள் இருக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

புரூஃப் பார்ப்பவனின் வேலை எழுத்துப் பிழையைச் சுழிப்பது, அவ்வளவுதான். நானோ வாக்கியத்தையே திருப்பி எழுதிவிடுவேன். கை தானாகப் போய்விடும். ஈய அச்சில் இது எத்தனை பெரிய தொல்லை என்று கணினிக் காலத்தவருக்குப் புரியாது. ஒரு வரியில் இரண்டு சொல் கூடினால் மிச்சம் அடுத்த வரிக்குத் தள்ளும், அது அதற்கடுத்ததைத் தள்ளும், கட்டி வைத்த பக்கத்தைப் பிரித்து அந்தப் பத்தி முழுக்க மறுபடி கோர்க்கவேண்டும். ஃபோர்மேன் அண்ணாச்சி என்னைத் திட்டாத நாள் கிடையாது. “தம்பி, உனக்குக் கூலி கொடுக்கிறது எழுத்தத் திருத்த. எழுதினவனத் திருத்த இல்ல” என்பார்.

அதில் ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. ஒரு பங்குத் தந்தை அச்சுக்குக் கொடுத்த சிறு புத்தகம், இக்னேஷியஸ் லயோலாவின் கதை. சென்னைக் கல்லூரியின் பெயராக மட்டுமே எனக்குத் தெரிந்திருந்த அந்த மனிதர் ஒரு போர்வீரர் என்பதே அப்போதுதான் தெரிந்தது. 1521இல் பாம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி, வீட்டில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். படிக்க வீரக்கதை கேட்டார். வீட்டில் இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர் கதைகளும்தான் இருந்தன. படுத்தபடியே இரண்டு விதமாகக் கனவு கண்டார், அரசவைப் பெண்ணுக்காகச் சாகசம் செய்வது ஒன்று, புனிதர்களைப் போல வெறுங்காலில் நடந்து போவது இன்னொன்று. இரண்டுமே நினைக்கும்போது இனித்தன. நினைத்து முடித்த பிறகுதான் வித்தியாசம். முதலாவது மனசை வறட்டிவிட்டுப் போனது, இரண்டாவதன் இனிப்பு அப்படியே நின்றது. அவர் கவனித்தது இந்தப் பின்சுவையை. பிற்பாடு அவர் வகுத்த பயிற்சியில், ஒரு குறையைத் திருத்த நினைப்பவன் நாளுக்கு இரண்டு வேளை தன்னைச் சோதித்து, அந்தக் குறைக்கு இடம் கொடுத்த ஒவ்வொரு தடவைக்கும் கோட்டின் மேல் ஒரு புள்ளி வைக்கவேண்டும். நேற்றைய புள்ளிகளை விட இன்று குறைந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் பயிற்சி.

அந்தப் பின்சுவைப் பத்தியைத்தான் நான் பங்குத் தந்தையின் நடையிலிருந்து பிடுங்கி, முழுதாகத் திருப்பி எழுதிவிட்டேன். பதினொரு வரி. அண்ணாச்சி தாளை என் முன்னால் வீசிவிட்டுப் போனார்.

எட்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை கூப்பிட்டு நீள நோட்டு ஒன்றைப் பிரித்துக் காட்டினார். மறுபடி கோர்க்கும் கூலியை யார் தலையில் கட்டுவது என்பதற்காக என் ஒவ்வொரு குறும்பையும் அவர் குறித்து வைத்திருந்தார். தேதி, பக்கம், எத்தனை வரி, எழுதியவர் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டாரா, அடித்தாரா. 61 இடத்தில் நான் வாக்கியத்தை மாற்றியிருந்தேன். எழுதியவர்கள் வேண்டாம் என்று அடித்தது நான்கு. இன்னொரு பக்கத்தில், நான் கோட்டைவிட்ட எழுத்துப் பிழைகள், ர வுக்கு ற, ந வுக்கு ன, இருநூற்றுச் சொச்சம்.

“புரூஃப் பாக்க நீ லாயக்கில்ல. அடுத்த மாசத்துல இருந்து வேற ஆளு. ஆனா எழுதினத நிமித்துற வேலை உனக்கு வருது. அந்த வேலைக்குன்னு நம்ம ஊர்ல ஆள் வைக்கிறவன் எவன்னு தெரியல, போய்த் தேடு.”

எனக்கு நன்றி எதுவும் வரவில்லை, அழுகைதான் வந்தது. இத்தனை நாளில் என் கவிதையைப் பற்றி இந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று. அந்தப் பக்கங்களைக் கிழித்துக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன், எதற்கு என்று அப்போது தெரியாது. கவிதை நோட்டு எந்த வீடு மாற்றத்தில் தொலைந்தது என்று இன்றைக்கு யோசித்தாலும் நினைவில்லை. தாள்கள் பரணில் இருந்திருக்கின்றன.

கவனித்தீர்களா, என் பலம் என்று பின்னால் தெரியவந்தது எனக்கு முதலில் வந்து சேர்ந்தது வசவாகத்தான். நம் கைக்குத் தானாக வருவதை நாம் பலம் என்றே எண்ணுவதில்லை, மூச்சு விடுவதை யாராவது திறமைப் பட்டியலில் சேர்ப்பார்களா? கஷ்டப்பட்டுச் செய்வதைத்தான் மதிக்கிறோம். எனக்குக் கவிதை கஷ்டப்பட்டு வந்தது, அதனால் அதுதான் நான் என்று இருந்தேன்.

பல வருடம் கழித்து, மேலாண்மை பற்றி எழுதிய பீட்டர் டிரக்கரின் 1999ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றைப் படித்தபோது அண்ணாச்சி ஞாபகம்தான் வந்தது. முக்கியமான முடிவு எதை எடுத்தாலும், என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறாயோ அதை எழுதி வை, ஒன்பது பன்னிரண்டு மாதம் கழித்து நடந்ததோடு ஒப்பிடு என்கிறார். அதை வைத்துத்தான், தனக்குப் பொறியாளர், கணக்கர் போன்ற ஒரு துறை நிபுணர்களைச் சட்டென்று புரிகிறது, பொதுவான ஆட்களோடு ஒட்டவில்லை என்று அவருக்கே தெரிந்ததாம். இந்த வழக்கத்துக்கு அவர் சுட்டும் முன்னோர்களில் ஒருவர் யார் தெரியுமா? லயோலா.

அன்றிலிருந்து நானும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கட்டுரை தொடங்கும் முன் இரண்டு வரி: எத்தனை நாள் ஆகும், எப்படி வரும், யார் பாராட்டுவார்கள். முடிந்த பிறகு எதிரில் நிஜம். வெட்கக்கேடான நோட்டு. இரண்டு நாள் என்று எழுதியது பதினொரு நாள் ஆகியிருக்கும். பிரமாதம் என்று நினைத்ததை யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள். நாவல் என்று தலைப்புப் போட்ட பக்கங்களில் வலது பக்கம் முழுக்கக் காலி. கடிதங்களுக்குப் பதில் எழுதுவது மட்டும் சொன்ன நேரத்துக்கு முடிந்திருக்கிறது. ஏன் இன்னும் நாவல் எழுதவில்லை என்று கேட்கும் நண்பர்கள் இதையே பதிலாக வைத்துக்கொள்ளலாம்.

வலியறிதல் அதிகாரத்தின் முதல் குறளை எல்லாரும் பள்ளியில் ஒப்பித்திருப்போம். ‘வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்.’ அது படையெடுக்கும் அரசனுக்குச் சொன்னது, உங்களுக்கும் எனக்கும் சொன்னது இல்லை. இருந்தாலும் வரிசையைப் பாருங்கள். செய்யப்போகும் காரியத்தின் வலிமைதான் முதலில் வருகிறது, தன் வலிமை அதற்குப் பிறகு. எதைத் தூக்கப்போகிறோம் என்று தெரியாமல் நான் பலசாலியா என்று யோசித்துக்கொண்டிருப்பவனுக்கு அந்தக் குறளில் இடமே இல்லை. முகாமில் பக்கத்தில் உட்கார்ந்து இருபத்தாறு எழுதினாரே, அவரைத்தான் சொல்கிறேன். நீங்கள் மூன்றோடு நிறுத்தியதை நான் மெச்சுகிறேன்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன், மறந்துவிடவில்லை. சுயபரிசோதனைக்கு நேரமில்லாததற்கு ஒரு காரணம் சொல்லியிருக்கிறீர்கள் பாருங்கள், தெருவில் எல்லாரும் விண்ணப்பத்தோடு வந்துவிடுகிறார்கள் என்று. ஏன் உங்களிடம் வருகிறார்கள்? உங்கள் தெருவில் படித்தவர்கள் வேறு யாருமே இல்லையா? இ-சேவை மையம் இல்லையா? இதுதான் உங்கள் பிறவிப் பயன் என்று சொல்ல மாட்டேன், அந்த வியாபாரம் எனக்கு வேண்டாம். நாளைக்கே வேலையை விட்டுவிட்டு ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தும் விடாதீர்கள். ஒரு 60 பக்க நோட்டு வாங்கி இடது பக்கம் எழுதுங்கள்: யார் வந்தார், என்ன மனு, எது இடிக்கும் என்று நினைக்கிறீர்கள், எத்தனை நாளில் முடியும். வலது பக்கம் நடந்தது. ஆபீசில் செய்யும் வேலைக்கும் அதே நோட்டில் வேறு பக்கத்தில் அப்படியே. முடிந்த பிறகு வாயில் என்ன சுவை நிற்கிறது என்பதற்கு ஒரே ஒரு சொல். ஒன்பது மாதம். காலை அரை மணி நேரத்தில் தூங்குங்கள், அல்லது வீட்டில் காய் நறுக்கிக் கொடுங்கள்.

வேலையை விடலாமா என்பதற்கு நான் பதில் சொல்லவில்லை என்று தெரியும். அந்த நோட்டு இல்லாமல் உங்களாலும் சொல்ல முடியாது.

எனக்கு உறுத்துவது வேறு. மூன்று தடவை திரும்பி வந்தது என்று எழுதியவர், எதனால் திரும்பி வந்தது என்று எழுதவில்லை. ஆதாரில் ஒரு மாதிரியும் ரேஷன் கார்டில் வேறு மாதிரியும் பெயர் இருந்ததா, கணவரின் இறப்புச் சான்றிதழில் சிக்கலா, வி.ஏ.ஓ. கையெழுத்தில் நின்றதா? நான்காவது தடவை என்ன ஆனது? அந்த அம்மாவுக்குப் பணம் வந்ததா இல்லையா, அதை முதலில் எழுதுங்கள்.