பூனைக்குட்டிக்கு ஒரே தடுப்பூசி ஏன் பல முறை?

கேள்வி: எங்கள் பூனைக்குட்டிக்கு 8 வார வயதில் தடுப்பூசி போட்டோம். அதே ஊசியை 12 வாரத்திலும் 16 வாரத்திலும் மறுபடி போட வேண்டும் என்கிறார் மருத்துவர். உயிருள்ள வைரஸ் அடங்கிய ஊசி ஒருமுறை போட்டாலே போதும் என்று படித்திருக்கிறேன். எது சரி?

பதில்: இரண்டுமே சரிதான். ஆய்வகத்தில் செல்களில் திரும்பத் திரும்ப வளர்த்து, நோய் உண்டாக்கும் வீரியத்தை இழக்கச் செய்த வைரஸே இவ்வகை ஊசியில் இருக்கிறது. அது உடலுக்குள் சென்று ஓரளவு பெருகுவதால், உண்மையான தொற்று வந்துவிட்டதாகவே எதிர்ப்பு மண்டலம் எடுத்துக்கொண்டு, கிருமியைப் பிடித்து முடக்கும் புரதங்களான ஆன்டிபாடிகளைச் சுரப்பதோடு தொற்றுற்ற செல்களை அழிக்கும் டி செல்களையும் திரட்டுகிறது. பான்லியூகோபீனியா என்னும் கொடிய பார்வோ வைரஸ் நோய்க்கு எதிராக, எந்தத் தடையும் இல்லாத பூனைக்கு இந்த ஊசி ஒருமுறை போட்டாலே சில நாட்களில் பாதுகாப்பு வந்துவிடும். கொல்லப்பட்ட வைரஸ் ஊசியென்றால் பொதுவாக இருமுறை போட வேண்டும்.

குட்டிகளிடம் அந்தத் தடை இருக்கிறது, அதைக் கொடுப்பவள் தாய்ப்பூனை. பூனைகளில் நஞ்சுக்கொடி வழியாக மிகக் குறைந்த ஆன்டிபாடிகளே குட்டியை அடைகின்றன. பெரும்பகுதி, பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் வழியாகவே கிடைக்கிறது. முதல் சில வாரங்களில் குட்டியைக் காக்கும் அதே ஆன்டிபாடிகள், ஊசியில் உள்ள வைரஸையும் பகையாகவே கருதி, அது பெருகுமுன்பே முடக்கிவிடுவதால், குட்டியின் சொந்த எதிர்ப்பு மண்டலம் அந்த வைரஸை அறிந்துகொள்ளவே வாய்ப்பில்லாமல் போகிறது. அப்படிப்பட்ட நாளில் போட்ட ஊசி, போடாததற்குச் சமம்.

தாய் தந்த ஆன்டிபாடிகள் நாளடைவில் குறையும்போது இன்னொரு சிக்கல் எழுகிறது: நோய்க்கிருமியைத் தடுக்கப் போதாத, ஆனால் ஊசியின் வைரஸை முடக்கப் போதுமான அளவில் அவை சிறிது காலம் நீடிக்கின்றன. இந்த இடைவெளி எப்போது வரும் என்பது தாயிடம் இருந்த ஆன்டிபாடியின் அளவையும் குட்டி குடித்த சீம்பாலையும் பொறுத்தது என்பதால், ஒரே ஈற்றுக் குட்டிகளிடையேகூட அது வேறுபடும். எனவேதான் 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 16 வாரம் நிறையும் வரை 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை போடச் சொல்கிறது உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கம். ஏதேனும் ஒரு ஊசியாவது தடையற்ற நாளில் உடலுக்குள் செல்ல வேண்டும் என்பதே நோக்கம். 16 வாரத்திலும் தடை நீங்காத சில குட்டிகளுக்காக, 26 வாரத்தையொட்டி இன்னொன்றையும் அச்சங்கம் பரிந்துரைக்கிறது. குட்டி நன்றாகத்தானே இருக்கிறது என்று பலர் தவிர்ப்பது கடைசி ஊசியைத்தான். என் கணிப்பில், எந்த நிலையிலும் விடக்கூடாதது அதுவே.

கேள்வி: வீரியம் குறைந்த வைரஸே நோயைக் கொண்டுவந்துவிடாதா?

பதில்: நலமான குட்டிக்கு ஓரிரு நாள் சோர்வும் இலேசான காய்ச்சலும் வரலாம், பெரும்பாலும் அவ்வளவே. ஆனால் பார்வோ வைரஸ் வேகமாகப் பிரியும் செல்களைத் தேடிச் செல்லும் இயல்புடையது. 4 வாரத்துக்குட்பட்ட குட்டிகளின் சிறுமூளை இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால், ஊசியின் வைரஸ் அதைத் தாக்கி ஆயுள் முழுவதும் நீடிக்கும் நடைத் தள்ளாட்டத்தை உண்டாக்கக்கூடும். கருவிலுள்ள குட்டிகளுக்கும் இதே ஆபத்து இருப்பதால், சினைப்பூனைக்கும் இந்த ஊசி கூடாது. பூனைகளுக்குச் சளி, தும்மலை உண்டாக்கும் ஹெர்பிஸ், கேலிசி வைரஸ்களுக்காக மூக்கில் விடும் சொட்டு மருந்தால் சில நாள் தும்மல் வருவது எதிர்பார்க்கத்தக்கதே. பான்லியூகோபீனியா ஊசிக்குப் பின் சில நாட்களுக்கு மலத்தில் வைரஸ் வெளியேறி, பரிசோதனையில் நோய் இருப்பதாகக் காட்டவும் கூடும். அந்நிலையில் ஊசி போட்ட தேதியை மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

கேள்வி: பூனைக் கொரோனா வைரஸால் வரும் எஃப்ஐபி என்னும் கொடிய நோய்க்கும் இத்தகைய தடுப்பு மருந்து உண்டாமே?

பதில்: உண்டு. உடலின் உட்புற வெப்பத்தில் பெருக இயலாமல், குளிர்ச்சியான மூக்குப் பகுதியில் மட்டும் பெருகும்படி மாற்றப்பட்ட கொரோனா வைரஸ் அது. 16 வார வயதுக்குப் பின்னரே கொடுக்க வேண்டும். பல பூனைகள் சேர்ந்து வாழும் இடங்களில் அதற்குள் பெரும்பாலான குட்டிகள் இயற்கையான கொரோனா வைரஸைச் சந்தித்துவிடுகின்றன, அதன்பின் இந்த மருந்தால் பயன் குறைவு. மேற்சொன்ன சங்கம் இதைப் பரிந்துரைப்பதில்லை.