கன்று ஈன்ற பசு தீவனம் எடுக்க மறுப்பது ஏன்?

கேள்வி: என் கலப்பின ஜெர்சி பசு கன்று ஈன்று 18 நாட்கள் ஆகின்றன, 14 லிட்டர் கறக்கிறது. உடல் மெலிந்துகொண்டே வருகிறது. அடர்தீவனத்தை மீதம் வைத்துவிட்டு வைக்கோலை மட்டும் தின்கிறது. கடலைப் புண்ணாக்கைக் கூட்டி, தினமும் கால் லிட்டர் எண்ணெயும் ஊற்றிப் பார்த்தேன். முன்னிலும் குறைவாகவே தின்கிறது. இவ்வளவு கறக்கும் மாட்டுக்குப் பசி எடுக்க வேண்டாமா?

பதில்: தங்கள் ஐயம் நியாயமானதே. ஆனால் கறக்கும் பாலின் அளவு மட்டும் பசியைத் தீர்மானித்துவிடாது. வயிறும் குடலும் கல்லீரலும் அனுப்பும் செய்திகளைக் கொண்டே மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் அதனை முடிவு செய்கிறது. பசுவின் முதல் இரைப்பையான பெருவயிற்றின் சுவர் விரியும்போது அங்குள்ள நரம்பு முனைகள் வேகஸ் நரம்பின் வழியே நிறைவைத் தெரிவிக்கின்றன. எளிதில் செரிக்காத வைக்கோல் அங்கே நெடுநேரம் தங்குவதால், உடலுக்குச் சத்து போதாத நிலையிலும் இச்செய்தி போய்க்கொண்டே இருக்கும். கொழுப்பு சிறுகுடலை அடையும்போது சுரக்கும் கோலிசிஸ்டோகைனின் என்னும் ஹார்மோனும் பசியை அடக்குவதே. எனவே தாங்கள் நல்லெண்ணத்தோடு ஊற்றிய எண்ணெய் எதிர்விளைவையே தந்திருக்கக்கூடும்.

இவற்றைவிட இங்கு முக்கியமானது கல்லீரல். பால் 6 முதல் 8 வாரங்களில் உச்சத்தை எட்டிவிட, தீவனம் உண்ணும் அளவோ 10 முதல் 12 வாரங்களில்தான் உச்சத்துக்கு வருகிறது. இடைப்பட்ட பற்றாக்குறையை ஈடுகட்ட உடற்கொழுப்பு கரைந்து கல்லீரலுக்கு வருகிறது. அது அங்கே எரியும்போது, தொட்டியில் தீவனம் அப்படியே கிடந்தாலும், ஆற்றல் கிடைத்துவிட்டதாக மூளைக்குச் செய்தி போகிறது என்பது ஆய்வாளர் பலர் ஏற்கும் விளக்கம். கொழுப்பு முழுமையாக எரியாமல் கீட்டோன்கள் என்னும் இடைப்பொருட்களாக மிகும்போது கீட்டோசிஸ் நோய் உண்டாகிறது. அடர்தீவனத்தை ஒதுக்கிவிட்டு வைக்கோலைத் தின்பது அதன் தொடக்க அறிகுறிகளுள் ஒன்றாதலால், முதல் வேலையாகக் கால்நடை மருத்துவரை அழைத்துச் சிறுநீரில் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். மற்றவை அதற்குப் பின்னரே.

எண்ணெயை உடனே நிறுத்திவிடுங்கள். பசு தின்னத் தொடங்கியதும், அடர்தீவனத்தை உடல் பராமரிப்புக்கு ஒன்றரைக் கிலோவும் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோவும் என்ற கணக்கை நோக்கிச் சிறுகச் சிறுகக் கூட்டி, நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் பெருவயிற்றில் அமிலம் மிகுந்து, இருக்கும் பசியும் போய்விடும். வைக்கோலைக் குறைத்து, முற்றாத கம்பு நேப்பியர் புல்லையும் வேலிமசாலையும் நறுக்கிப் போடுங்கள். தண்ணீர் எந்நேரமும் இருக்கட்டும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா வீதம் கரைத்துத் தெளித்து, 21 நாட்கள் காற்றுப் புகாமல் மூடி வைத்தால் அதன் செரிமானத்தன்மை கூடும் என்றாலும், அது அடுத்த மாதத்துக்கான ஏற்பாடு. இந்த வாரத்துக்கு உதவாது.