இந்தியாவில்தான் அதிக விடுமுறை என்கிறார்களே, வெளிநாட்டோடு ஒப்பிட்டால் உண்மையா?

காலண்டரில் சிவப்பு மையை எண்ணினால் உண்மை போலத்தான் தெரியும். அந்தச் சிவப்பு யாருக்கு என்று கேட்டால் கணக்கு மாறிவிடும்.

நான் சேலம் அம்மாப்பேட்டைக்காரன். ஜெர்மனியில், பவேரியா மாநிலத்தின் ஆக்ஸ்பர்க் நகரில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். இரண்டு ஊருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு: ஆகஸ்டு வந்தால் தனக்கென்று ஒரு விடுமுறை.

அங்கே ஆகஸ்டு 8 அமைதித் திருநாள். ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போர் 1648இல் முடிந்தது. அந்த அமைதியை 1650 முதல் கொண்டாடி வருகிறார்கள். ஜெர்மனியில் வேறெந்த ஊருக்கும் அன்று விடுமுறை இல்லை. போன முதல் ஆண்டு இது தெரியாமல் பையை எடுத்துக்கொண்டு பால் வாங்கக் கிளம்பினேன். முதல் கடை பூட்டு. அடுத்த கடையும் பூட்டு. மாடிப்படியில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டுப் பாட்டி, "கெர்ஸ்ட்ஹோஃபனுக்குப் போ" என்றார். நகர எல்லையைத் தாண்டியதும் அந்தச் சிற்றூரில் எல்லாம் திறந்திருந்தது. பாதி ஆக்ஸ்பர்க் அங்கேதான் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தது.

நமக்கு ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைப் புதன்கிழமை. மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பார். எல்லை தாண்டி இராசிபுரம் போனால் அது நாமக்கல் மாவட்டம். அவர்களுக்குக் கொல்லிமலை வல்வில் ஓரி விழாவுக்குத் தனி விடுமுறை. ஆனால் அந்த அறிவிப்பின் கடைசி வரிகளைப் படித்துப் பாருங்கள். செலாவணி முறிச் சட்டம் 1881இன்படி இது பொது விடுமுறை அல்ல, எனவே வங்கிகளுக்குப் பொருந்தாது. கருவூலம் குறைந்த ஆட்களோடு இயங்கும். ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாள். கொடுத்த கையே திருப்பி வாங்கிக்கொள்கிறது!

தனியார் ஆலைக்கு அந்தப் புதன்கிழமை தானாக வந்து சேராது. தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்களுக்கான 1958ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் சொல்வது ஒன்பது நாள்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, அவற்றோடு ஐந்து பண்டிகை நாள்கள். பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி எல்லாம் அந்த ஐந்துக்குள் அடங்க வேண்டும். மாரியம்மனுக்கு இடம் கிடைப்பது ஆலையைப் பொறுத்தது. அரசு ஊழியரின் பட்டியலைப் பார்த்துத்தான் 'இந்தியாவில் அதிகம்' என்று எழுதுகிறார்கள்.

ஆக்ஸ்பர்க்கில் ஆண்டுக்கு 14 பொது விடுமுறை. ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் போனது போனதுதான், ஈடு கிடையாது. ஆனால் உண்மையான வேறுபாடு அந்தப் பட்டியலில் இல்லை. வாரம் ஐந்து நாள் வேலை என்றால் குறைந்தது 20 நாள் சம்பளத்தோடு விடுப்பு, சட்டப்படி. ஒருமுறை விடுப்பு எடுத்த வாரத்தில் காய்ச்சலோடு நான்கு நாள் படுத்துக் கிடந்தேன். மருத்துவச் சான்றைக் கொடுத்ததும் அந்த நான்கு நாளும் விடுப்புக் கணக்கில் திரும்பி வந்தன. எனக்கு நம்பவே முடியவில்லை. இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். பணக்கார நாடு என்பதால் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் தனியார் நிறுவனம் ஒரு நாள்கூடச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று மத்தியச் சட்டம் சொல்வதில்லை.

அப்பா குழித்தறி நெய்தவர். அமாவாசைக்குத் தறி நிற்கும். மழை பிடித்தால் தெருவில் பாவு நூலை நீட்ட முடியாது, தறிக் குழியில் ஈரம் ஏறும், அப்போதும் தறி நிற்கும். நாள் கணக்கில் பார்த்தால் ஜெர்மானியரைவிட அதிக விடுமுறை அவருக்குத்தான். ஆனால் சேலையை நெய்து முடித்து, தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. தீபாவளிக்கு முந்தைய வாரம் இரவெல்லாம் தறிச் சத்தம் கேட்கும். தீபாவளியன்று அவர் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தூங்கித்தான் பார்த்திருக்கிறேன்.

ஏற்காட்டில் கணக்கே தலைகீழ். அங்கே காப்பிப் பழம் பறிப்பு நடக்கும் மாதங்களுக்கு நடுவில்தான் பொங்கல் வரும். பழுத்த பழம் பண்டிகை முடியட்டும் என்று கிளையில் காத்திராது. என் சித்தப்பா மகன் மேலே சுற்றுலா வேன் ஓட்டுகிறான். நமக்குச் சேர்ந்தாற்போல மூன்று நாள் விடுமுறை என்றால் அவனுக்கு மூன்று நாள் தூக்கம் கிடையாது. மே மாதம் கோடை விழா நடக்கும்போது அவனைத் தொலைபேசியில் பிடிப்பதே கடினம். ஆடிப் புதன்கிழமைக்கு மட்டும் வண்டியை நிறுத்திவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் இறங்கி வீட்டுக்கு வந்துவிடுவான். அன்று சேலத்துக்காரர்கள் மலை ஏற மாட்டார்கள்; கோயிலில் பொங்கல் வைத்துக்கொண்டிருப்பார்கள்.