டர்போவை வாங்கும் முன் ஆயில் பைப்பைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: மெக்கானிக் அண்ணா, வணக்கம். நாலு மாதம் முன்பு பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில் 2014 மாடல் 1.3 லிட்டர் டீசல் கார் வாங்கினேன். விலை 3,40,000. மீட்டரில் 1,18,000 கிலோமீட்டர் காட்டியது. போன மாதம் வால்பாறை மலை ஏறும்போது இழுவை குறைந்து, சைரன் மாதிரி ஒரு சத்தம் வந்தது. இப்போது ஆக்சிலேட்டர் கொடுத்தால் நீலப் புகை. எஞ்சின் ஆயிலும் குறைகிறது. கம்பெனி சர்வீஸில் புது டர்போ, லேபர் எல்லாம் சேர்த்து 46,000 என்கிறார்கள். வெளியே ஒருவர் டர்போவின் உள்ளே சுழலும் பாகமான கோர் மட்டும் மாற்றி 14,000-க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். விற்றவரோ கையை விரித்துவிட்டார். என்ன செய்வது?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: தம்பி, இரண்டு பேருக்கும் இப்போது பணம் கொடுக்க வேண்டாம். இருவருமே டர்போவுக்குத்தான், அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறிக்குத்தான், விலை சொல்லியிருக்கிறார்கள். அது ஏன் போனது என்று யாரும் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை.

முதலில் டர்போ நிஜமாகவே போய்விட்டதா என்று பார்த்துவிடலாம். ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் ஹோஸைக் கழற்றினால் உள்ளே சின்ன விசிறி தெரியும். எஞ்சின் ஆறிய பிறகு அதன் நடு நட்டை விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கத்தான் செய்யும், அதைக் காட்டி யாரும் உங்களைப் பயமுறுத்த விடாதீர்கள். முன்னும் பின்னும் இழுத்தால் ஆடினாலோ, இறக்கை சுவரில் உரசிய கோடு தெரிந்தாலோ டர்போ முடிந்தது. ஹோஸுக்குள் மெல்லிய ஆயில் பிசுபிசுப்பு இருப்பதும் சகஜம். எஞ்சின் மூச்சுக் குழாய், அதாவது பிரீதர், அங்கேதான் வந்து சேர்கிறது. இழுவை குறைந்து கரும்புகை வந்திருந்தால், டர்போ தரும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருப்பேன், சில சமயம் ஒரு கிளாம்ப்போடு வேலை முடிந்துவிடும். நீங்கள் சொல்வது நீலப் புகை, கூடவே சைரன் சத்தம். ஆகவே எனக்கும் டர்போ மேல்தான் சந்தேகம்.

இந்தச் சின்ன டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டிச் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். அந்த ஆயிலைக் கொண்டுவரும் இரும்பு பைப்பை என் பட்டறையில் ஒருமுறை ஆக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தோம். வெளியே பளபளவென்று இருந்தது. உள்ளே கருகிய ஆயில் கெட்டியாகப் படிந்து, குண்டூசி போகும் அளவுக்குத்தான் ஓட்டை மிச்சம். இப்படிப்பட்ட பைப்பில் 46,000 ரூபாய் டர்போவை மாட்டினாலும் சீக்கிரமே இதே புகையோடு திரும்பி வருவீர்கள். அதனால் இந்த ஃபீட் பைப்பைச் சுத்தம் செய்யாதீர்கள், புதிதாகவே போடுங்கள். அதன் முனையை மாட்டும் பேஞ்ஜோ போல்ட்டில் சல்லடை இருந்தால் அதையும் பாருங்கள். ஆயில் திரும்பும் பைப், பிரீதர் இரண்டிலும் அடைப்பு இருக்கக் கூடாது. எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பை இறக்கி, அதிலுள்ள ஸ்ட்ரெய்னர் சல்லடையைக் கழுவ வேண்டும். இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலை வடிக்காமல் வண்டியைக் கிளப்பவே கூடாது.

இதையெல்லாம் செய்ய ஒப்புக்கொண்டால் அந்த 14,000 ரூபாய்க்காரரிடமே கொடுக்கலாம், கோர் மாற்றுவது தப்பான வேலை இல்லை. வெளிக்கூடு இரண்டும் உரசாமல், விரிசல் இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கோர் மெஷினில் பேலன்ஸ் செய்ததா என்று கேளுங்கள், ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள். வாரன்டி பில்லில் எழுதியிருக்கட்டும், வாய்ப்பேச்சு வேண்டாம். பைப், கேஸ்கட், ஆயில், ஃபில்டர் என்று மேலே சில ஆயிரம் ஆகும். சென்னை புதுப்பேட்டை பழைய உதிரி பாகச் சந்தையில் கழற்றிய பழைய டர்போ மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் அது எந்த வண்டியில் எப்படி வாழ்ந்தது என்று யாருக்குத் தெரியும்? கம்பெனி எஸ்டிமேட் பழையது என்றால் புதிதாகக் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். டர்போவின் ஆயில் துளையில் கொஞ்சம் ஆயில் ஊற்றிவிட்டு, எஞ்சின் பிடிக்காமல் செல்ஃப் மட்டும் அடித்து ஆயில் ஏறவிட்டு, அப்புறம்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். முதல் சில நிமிடம் ஐடிலிங். இனி நீங்களும் நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி டீக்கடையில் நிறுத்தியதும் சாவியைத் திருப்பாதீர்கள். ஒரு நிமிடமாவது ஓடட்டும்.

விற்றவர் விஷயம். இன்ஷூரன்ஸில் இந்தத் தேய்மானத்துக்குப் பணம் வராது. கன்சல்டிங் பில் கையில் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு வருடம் அவகாசம் உண்டு, 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வாங்கும்போதே கோளாறு இருந்தது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். எனவே கழற்றும்போதே போட்டோ எடுத்து, ஒர்க்‌ஷாப் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய டர்போவையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: சாவியை எடுத்த பிறகும் டீசல் எஞ்சின் தானாக உறுமி ஓடுமா? நண்பர் சொல்கிறார், நம்ப முடியவில்லை.
- வாசகி, உடுமலை

பதில்: ஓடும் அம்மா. டர்போ சீல் போய், எஞ்சின் தன் ஆயிலையே உறிஞ்சி எரிக்கும்போது சாவிக்கு வேலை இல்லை. கியர் வண்டி என்றால் பிரேக்கை முழுதாக மிதித்து, டாப் கியர் போட்டு, கிளட்சை விடுங்கள். எஞ்சின் திணறி நிற்கும். நிற்காவிட்டால் இறங்கித் தள்ளிப் போய்விடுங்கள். ஏர் இன்டேக்கைக் கையாலோ துணியாலோ அடைக்கப் போகாதீர்கள், உள்ளே இழுத்துவிடும். இதற்காகத்தான் மேலே எழுதிய பொள்ளாச்சித் தம்பியும் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைத் தினமும் பார்க்க வேண்டும். வேலை முடியும்வரை அந்த வண்டியில் மலைப் பக்கம் போகவே வேண்டாம்.