மறியலுக்குள் ஊழியம்: கேட்டவையும் பதில்களும்

மட்டக்களப்பு சிறைச்சாலையில் ஊழியம் செய்ய விரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. புதிதாகச் சேருகிறவர்களைப் பழக்கிவிடும் அக்கா ஒருவர் பதில் சொல்கிறார்.

அக்கா, எங்கட சபையில ஆறு பேர் ஆயத்தமா இருக்கிறம். நேரே போய்க் கேட்கலாமா? (களுவாஞ்சிக்குடி)

வாசலில் நிற்கிற உத்தியோகத்தர் தன் பாட்டில் உங்களை உள்ளே விட முடியாது தம்பி. சபையின் கடிதத்தாளில் சிறைச்சாலை அத்தியட்சகருக்கு எழுதுங்கள். திகதி, நேரம், எத்தனை நிமிடம், ஆண்கள் பகுதியா பெண்கள் பகுதியா, கொண்டுவரும் சாமான் ஒவ்வொன்றும் (கிட்டார் 1, பாட்டுத்தாள் 40) எல்லாம் அதில் வரவேண்டும். பிரதி ஒன்றை நலன்புரி உத்தியோகத்தரிடம் கொடுங்கள். மாதாமாதம் போவதென்றால் கொழும்புத் தலைமையகத்தின் அனுமதியும் வேண்டுமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

பிழைக்கிற இடம் பெரும்பாலும் பெயர்தான். சபையில் கூப்பிடுகிற பெயரைக் கடிதத்தில் எழுதிவிடுவார்கள், அடையாள அட்டையில் வேறொன்று இருக்கும். இலக்கமும் அப்படித்தான்: பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கம். அன்றைக்குக் கையில் கொண்டுபோகிற அட்டையைப் பார்த்து எழுதுங்கள். ஆறு பேரின் பெயரையும் போடுங்கள், உள்ளே மூன்று பேர் போனால் போதும்.

12 வாரப் பைபிள் பாடம் ஒன்று தயாரித்திருக்கிறோம். சரிவருமா? (வாழைச்சேனை)

சரிவராது. நீங்கள் சந்திக்கப்போகிறவர்களில் நிறையப் பேர் விளக்கமறியலில், அதாவது வழக்கு முடியாமல் உள்ளே இருப்பவர்கள். 14 நாளைக்கு ஒருதரம் நீதிமன்றத்துக்குப் போவார்கள், பிணை கிடைத்தால் அப்படியே வீட்டுக்கு. முதலாம் பாடம் கேட்டவர் மூன்றாம் பாடத்துக்கு இருக்கமாட்டார், ஐந்தாவதற்கு வருகிறவருக்கு முன்னது ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு கூட்டமும் அன்றைக்கே தொடங்கி அன்றைக்கே முடியவேண்டும். ஒரு மணித்தியாலம் தந்தால் 45 நிமிடத்துக்கு ஆயத்தம் பண்ணுங்கள், உள்ளே போகும் சோதனையிலேயே மிச்சம் போய்விடும். இரண்டு பாட்டு, ஒரு வேதபகுதி, பத்து நிமிடப் பேச்சு, பிறகு அவர்கள் பேச நேரம். பவுலும் சீலாவும் பிலிப்பி சிறையில் பாடிய பகுதி (அப்போஸ்தலர் 16) எல்லாரும் எடுப்பதுதான். ஆனால் "கதவு திறந்தது" என்பதோடு நிறுத்தாதீர்கள். கேட்பவர் தன் வழக்கைத்தான் நினைப்பார், நீங்கள் விடுதலையை வாக்களித்த மாதிரி ஆகிவிடும். கதவு திறந்தும் அவர்கள் ஓடாமல் நின்றதையும் வாசியுங்கள்.

எந்தப் பைபிள் கொடுப்பது?

மெல்லிய அட்டை, ஒட்டிய கட்டு. தடித்த அட்டைக்குள் எதையும் மறைக்கலாம் என்று பிரித்துப் பார்ப்பார்கள், ஸ்பிரிங் கம்பியும் ஸ்டேப்ளர் ஊசியும் வேண்டவே வேண்டாம். பெரிய எழுத்தாகப் பாருங்கள், மூக்குக்கண்ணாடி இல்லாமல் இருப்பவர்கள் உண்டு. கத்தோலிக்கர் கேட்டால் அவர்களுக்கு 73 புத்தகங்கள் உள்ள விவிலியம், 66 உள்ளதைக் கொடுத்து "இதுவும் அதுதான்" என்று சமாளிக்காதீர்கள். சிங்களப் பிரதி இரண்டும் பையில் இருக்கட்டும். கிட்டாருக்கு மேலதிகக் கம்பி கொண்டுபோக வேண்டாம், அறுந்தால் கைதட்டிப் பாடலாம்.

ஜெபம் பண்ணும்போது ஒருவர் "நான்தான் செய்தேன்" என்று சொல்லிவிட்டால்? (கல்முனை)

இதைத்தான் முதலில் பழகவேண்டும். 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டம், கட்சிக்காரர் தன்னிடம் சொன்னதை வெளியிடாமல் இருக்கச் சட்டத்தரணிக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. போதகருக்கோ தொண்டருக்கோ அப்படி ஒன்று அதில் இல்லை. நீதிமன்றம் கூப்பிட்டால் நீங்கள் சாட்சி. அதனால் "என்ன வழக்கு?" என்று கேட்கவே கூடாது. அவராகத் தொடங்கினால், "அண்ணன், வழக்கு விசயத்தை லோயரிட்ட சொல்லுங்க, நான் உங்களுக்காக ஜெபிக்கிறன்" என்று மெதுவாக நிறுத்துங்கள். லோயருக்கு வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவைப் பற்றி நலன்புரி உத்தியோகத்தரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லச் சொன்னால் அதுவும் பிழையா? பாவமாயிருக்கே.

பிழைதான் தங்கச்சி. அந்த நம்பர் மனைவியுடையதாகவும் இருக்கலாம், சாட்சிக்காரருடையதாகவும் இருக்கலாம், உங்களுக்குத் தெரியாது. எழுதித் தரும் துண்டும் வாங்காதீர்கள். வெற்றிலை, சிகரெட், காசு, போன், சிம் எதுவும் உங்கள் பையில் தவறியும் கிடக்கக்கூடாது. ஒருவர் விட்ட பிழைக்கு முழுக் குழுவுக்கும் வாசல் பூட்டுப்படும்.

தண்டப்பணம் கட்ட முடியாமல் இருப்பவருக்குச் சபை கட்டலாமா? (அக்கரைப்பற்று)

கட்டலாம், நல்ல காரியம். கட்டினால் அதற்குப் பதிலான மறியல் முடியும். ஆனால் வேறு வழக்கிலோ பிடியாணையிலோ அவர் தேவைப்படுகிறாரா என்று முதலில் கேளுங்கள். அதைக் கேட்காமல் கட்டினால் காசும் போகும், ஆளும் உள்ளேயே. காசைக் குடும்பத்தின் கையில் கொடுக்காமல் நீங்களே போய்க் கட்டிப் பற்றுச்சீட்டு எடுங்கள்.

இந்து, முஸ்லிம் ஆட்களும் வந்து இருந்தால்?

இருக்கட்டும். ஆனால் கைப்பிரதியைக் கையில் திணிக்கவோ, சவர்க்காரம் கொடுத்து ஜெபத்துக்குக் கூப்பிடவோ கூடாது. மத ஊழியரின் சந்திப்பை ஒருவர் வேண்டாம் என்றால் அதை முழுதாக மதிக்கவேண்டும் என்று கைதிகளை நடத்தும் முறை பற்றிய ஐ.நா.வின் மண்டேலா விதிகளில் 65ஆவது சொல்கிறது. எங்கட ஊரில் அதை விதி பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை.

கிறிஸ்மஸ் நிகழ்ச்சிக்கு?

டிசம்பரில் எல்லாச் சபையும் வரும், பெப்ரவரியில் ஒருவரும் இல்லை. உங்களால் முடிந்தால் பெப்ரவரியை எடுங்கள். டிசம்பர்தான் என்றால் மழைக்காலம், வெளியில் இருத்தும் திட்டம் வேண்டாம். கேக் கொண்டுவரலாமா என்று கடிதத்திலேயே கேளுங்கள். உள்ளே எத்தனை பேர் என்ற கணக்கை முதல்நாள் பின்னேரம் கேட்டு, அதற்கு மேல் பத்துத் துண்டு வையுங்கள். அந்தப் பகுதியில் இருக்கிற எல்லாருக்கும் போகவேண்டும், காவலர்களுக்கும்தான்.

என்ன உடுப்பு?

தண்டனை பெற்றவர்களின் உடுப்பு வெள்ளை. அதனால் போதகர்மார் அன்றைக்கு மட்டும் வெள்ளைச் சட்டையை வீட்டில் விட்டுவிட்டு நிறச் சட்டை போடுங்கோ.