பக்கத்து அறையில் படுத்திருப்பவர்

அன்புள்ள ஐயா,

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்தவன். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. நண்பர்கள் ஞாயிறுதோறும் நற்செய்திக் கைப்பிரதி கொடுக்கப் போகிறார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பக்கத்து அறையில் பீகார்காரர் ஒருவர் மஞ்சள் காமாலையில் கிடக்கிறார். கஞ்சி கொடுத்து வருகிறேன். இது மட்டும் விசுவாசம் ஆகுமா? வாய் திறந்து சாட்சி சொல்லாதவன் கிறிஸ்தவனா? பெந்தெகொஸ்தே சபைக்கு மாறிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சபை மாறுவது உங்கள் விருப்பம். எங்கே உட்கார்ந்தால் ஜெபம் வருகிறதோ அங்கே உட்காருங்கள்.

கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். நீங்கள் எழுதியது நான்கு பக்கம். அதில் அந்த மனிதருக்கு ஒரே ஒரு வரி. மீதியெல்லாம் உங்கள் கூச்சம், உங்கள் பயம், உங்கள் இரட்சிப்பு. படிக்கப் படிக்கக் கோபம்தான் வந்தது. அவர் பேர் என்ன? ஊருக்குத் தகவல் சொல்லியாச்சா? ரத்தம் எடுத்துப் பார்த்தார்களா?

மத்தேயு 25-ஐ ஞாயிறு பள்ளியில் படித்திருப்பீர்கள். பசித்தவனுக்குச் சோறு போட்டு, நோயாளியைப் போய்ப் பார்த்தவர்கள் நியாயத்தீர்ப்பு நாளில் வலப்பக்கம் நிற்கிறார்கள். எனக்கே செய்தீர்கள் என்கிறார் ராஜாவாக வரும் இயேசு. எப்போது ஆண்டவரே என்று அவர்கள் திகைக்கிறார்கள். செய்ததை அவர்கள் கணக்கு வைத்திருக்கவில்லை. இடப்பக்கம் நிற்பவர்களும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அவர்கள்மேல் திருட்டுப் பழி இல்லை, கொலைப் பழி இல்லை. செய்யாமல் விட்டதுதான் குற்றம். எத்தனை பேருக்குப் பிரசங்கம் செய்தாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

என் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், தாராபுரம் பக்கத்துக் கிராமத்தில் இருந்தார். பண்ணையக்கார வீட்டுப் பெரியம்மா பக்கவாதத்தில் விழுந்துவிட்டார். மகன்கள் வெளியூரில். அந்த வீட்டு வாசலில் கையேந்தித் தண்ணீர் குடித்த குடும்பம் எங்களுடையது. அம்மாயி தினமும் போய் அவரைத் துடைத்து, துணி மாற்றிவிட்டு வந்தார். கூலி வாங்கவில்லை. மாமாவுக்குத் தாங்கவில்லை. "இன்னும் அவங்களுக்கு அடிமை வேலையா?" என்று கத்தினார். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது, இன்றும் எனக்கு அது நியாயம்தான். அம்மாயி பதிலுக்கு வேதம் பேசவில்லை. "முதுகெல்லாம் புண்ணா இருக்குது கண்ணு. திருப்பிப் படுக்க வைக்கோணும், வேற ஆளில்லை" என்றார். ஆனால் முதல் நாளே ஒன்றைச் செய்தார். கொல்லைப்புறமாக வரச் சொன்னபோது மறுத்து, முன்வாசல் வழியாகத்தான் உள்ளே போனார். கடைசிவரை அப்படித்தான் போனார்.

அம்மாயிக்குக் கண்ணில் பட்டது புண். தன் விசுவாசம் போதுமா என்று அவர் யோசித்து நான் பார்த்ததில்லை. உங்களைத் திட்டுவது இதற்காகத்தான் தம்பி. கஞ்சி கொண்டுபோகிற கை நல்ல கை. பார்வைதான் உங்களையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

சரி, இன்று சாயங்காலம் ஒன்றரை ஷிப்ட் வேண்டாம், ஒரு ஷிப்டோடு கிளம்புங்கள். அவரிடம் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு அது உரிமை. உரிய நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், நோயில் படுத்திருக்கும் காலத்துக்கு ஆண்டில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். டாக்டர் சான்றிதழ் வேண்டும். கான்ட்ராக்டர் பதிவே செய்யவில்லை என்றால் அவரிடம் போய்க் கேளுங்கள். பேச வராது என்றீர்களே, அங்கே பேசுங்கள்.

அவர் பேரை எனக்கு எழுதுங்கள்.